கொள்ளுப் பருப்பும் மூன்றாம் வரியில் வந்த எருமையும்

போன வாரம் எங்கள் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் இளம் ஆசிரியை போன் செய்தாள். மொழி வகுப்பில் பிள்ளைகள் அவரவர் வீட்டுச் சமையல் குறிப்பை எழுதி, வேறு மொழி படிக்கிற பிள்ளைகளோடு மாற்றிக்கொள்ள வேண்டுமாம். புதிய முறையாம். அதைத் தொடங்கி வைக்க அனுபவஸ்தர் ஒருவர் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் எரிச்சலும் வந்தது. புதிய முறையாவது மண்ணாங்கட்டியாவது! எழுபதுகளின் நடுவிலேயே அதைச் செய்து, பள்ளிக்கூட முற்றத்தில் எருமையைக் கட்டிப் பார்த்தவர்கள் நாங்கள். மேடை ஏறிப் பேச என் முழங்கால் ஒத்துழைக்காது, எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரன். தமிழ் வித்துவான் பரீட்சை, பிறகு ஆசிரியர் பயிற்சி, பிறகு யாராவது பிரசவ லீவில் போனால் அந்த இடத்தில் மூன்று மாதம் என்று இரண்டு வருஷ அலைச்சல். அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஜூன் மாதம் வடகரப்பதிப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் வாத்தியாராக நிரந்தர வேலை கிடைத்தது. ஏழாம் வகுப்பில் மலையாளப் பிரிவு ஒன்று, தமிழ்ப் பிரிவு ஒன்று. தமிழ்ப் பிரிவு என் பொறுப்பு. என் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் தமிழைக் கேட்டு நான் திருத்தினேன். ஒரு மாதத்தில் நான் திருத்துவதை விட்டுவிட்டேன். அவர்கள் சிரிப்பதை விடவில்லை.

வேலை நிரந்தரம் என்றாலும் அதற்கு ஒரு முடிச்சு இருந்தது. தமிழ்ப் பிரிவு நிற்க வேண்டுமானால் இருபத்தைந்து தலை வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஜூனில் எண்ணியபோது சரியாக இருபத்தைந்து. ஒன்று குறைந்தாலும் பிரிவு கலையும். பிள்ளைகள் மலையாளப் பிரிவில் போய் உட்கார வேண்டும், இல்லையென்றால் காட்டு வேலைக்குப் போக வேண்டும். பெரும்பாலும் காட்டு வேலைக்குத்தான் போவார்கள், அந்தப் பக்கம் காடு என்றால் மேட்டு நிலம். என்னை இடுக்கி மலையில் ஏதாவது எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி அடிப்பார்கள், அதுவும் இடம் இருந்தால். ஓணம் லீவு முடிந்ததும் கல்வி அதிகாரி வந்து மறுபடி எண்ணுவார் என்று செய்தி வந்திருந்தது. ஓணம் முடிந்தால் அந்தப் பக்கம் நிலக்கடலை பிடுங்குகிற காலம். பிள்ளைகள் பாதிப் பேர் காட்டில் இருப்பார்கள். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

இனி எங்கள் ஹெட்மாஸ்டர் குட்டிகிருஷ்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உத்தியோக விஷயம் எதையும் வாயால் சொல்லமாட்டார். நாம் அவர் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாலும் மெமோ புத்தகத்தை எடுப்பார், பேனா மூடியைக் கழற்றுவார், எழுதுவார், மை காய ஊதுவார், மணியடிப்பார். வெளியிலிருந்து பியூன் ஆறுமுகம் வந்து புத்தகத்தை வாங்கி, இரண்டு எட்டு எடுத்து வைத்து என்னிடம் நீட்டுவான். நான் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதிலையும் எழுதித்தான் தர வேண்டும். அது அதே இரண்டு எட்டில் திரும்பிப் போகும். ஒருதரம் "உங்கள் தோளில் பல்லி" என்று மெமோ வந்தது. நான் கையெழுத்துப் போடுவதற்குள் பல்லி சட்டைக்குள் போய்விட்டது.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. மொழிப் பிரிவுகள் ஒன்றின் பண்பாட்டை ஒன்று அறிய வேண்டும், எப்படி என்பதைப் பள்ளிக்கூடமே முடிவு செய்யலாம். ஹெட்மாஸ்டர் மூன்று நாள் யோசித்துச் சமையல் என்று முடிவு செய்தார். நான்கு மொழி வாத்தியார்களுக்கும் மெமோ. குறிப்பு ஒரு மாணவனின் வீட்டிலிருந்து வர வேண்டும். வீட்டில் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதை அடுத்த மொழிப் பிள்ளைகள் தங்கள் மொழியில் பெயர்த்து, அதைப் பார்த்துத் தாங்களே சமைக்க வேண்டும். சமைக்கும்போது வாயால் யாரும் எதையும் விளக்கக் கூடாது. காகிதம் மட்டுமே பேச வேண்டும். கடைசியில் மொழி வாத்தியார் சுவைத்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதிகாரி வருகிற அன்றைக்கே அவர் முன்னால் இதை நடத்திக் காட்டுவது என்று ஏற்பாடு.

முதல் சிக்கல் அரபி சொல்லித் தருகிற முன்ஷிக்கு வந்தது. அவர் பாலக்காட்டு ராவுத்தர், வீட்டில் பேசுவது தமிழ், அரேபியாவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. தன் வகுப்புப் பையன் வீட்டுத் தேங்காய்ச் சோற்றையும் கறிக் குழம்பையும் எழுதிக் கொடுத்தார். இதில் அரபி எங்கே என்று மெமோ வந்தது. சாப்பிடுமுன் பிஸ்மில்லா சொல்வோம் என்று அவர் பதில் எழுதினார். ஹெட்மாஸ்டர் அதை ஏற்றுக்கொண்டார். ஹிந்தி வாத்தியார் ஒற்றப்பாலத்துக்காரர், ஹிந்திக்காரர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியாது, அவர் பிள்ளைகளுக்கும் தெரியாது. பாடப் புத்தகத்தில் ரொட்டி என்று ஒரு சொல் வந்திருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார். மலையாளம் எடுக்கிற தங்கம்மா டீச்சர் கொண்டு வந்த பூசணிக்காய் ஓலன் குறிப்பு ஏதோ வாரப் பத்திரிகையில் வெட்டி எடுத்த மாதிரி அத்தனை ஒழுங்காக இருந்தது. நான் ஸ்டாஃப் ரூமில் அதை உரக்கவே சொன்னேன். எங்கள் பிரிவிலிருந்து அசல் சரக்கு வரும், ஒரு சொல் மாறாமல் வரும் என்று சவால் வேறு விட்டேன். என் வாய் அப்படி.

ஆனால் என் பிள்ளைகள் கொண்டு வந்த காகிதங்களைப் பார்த்தால் அழுகைதான் வந்தது. "எப்பவும் ஆக்கற மாதிரி ஆக்கோணும்" என்று ஒன்று. "கண்ணுல பாத்துப் போடோணும்" என்று ஒன்று. ஒருத்தி வீட்டில் அம்மா, சோறாக்குவதைக் கேட்டுவர ஒரு வாத்தியாரா என்று திட்டி அனுப்பியிருந்தாள், அவள் அந்தத் திட்டை அப்படியே எழுதி வந்திருந்தாள். இந்தக் குப்பையில் ஒரே ஒரு காகிதம் முழுசாக இருந்தது. கீழ் வகுப்புகளிலும் சொல்லி வைத்திருந்தேன், மூன்றாம் வகுப்பு நாச்சிமுத்து கொண்டு வந்தது. கையெழுத்து முத்து முத்தாக, ஒரு பிழை இல்லாமல். யார் சொல்லி எழுதியது என்று கேட்டேன். ஊட்ல என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓடிவிட்டான். அம்மா சொல்ல, பெரியவர்கள் யாரோ எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அது கொள்ளுப் பருப்பும் சோறும். இப்படி இருந்தது:

"சின்னவனை எழுப்பி மூஞ்சி கழுவி உடோணும்.

ஊற வெச்ச கொள்ளைக் களஞ்சு அடுப்புல ஏத்தோணும்.

அது வேகறதுக்குள்ள எருமைக்குத் தண்ணி காட்டோணும்.

சின்னவனைப் பள்ளிக்கூடத்துக்கு முடுக்கி உடோணும்.

கொள்ளு நசுங்குச்சுன்னா வெங்காயம் பூண்டு சீரகம் வரமொளகா வதக்கிப் போட்டுக் கடையோணும்.

சோத்தை ஏத்தி வெச்சுட்டு, காட்டுக்குப் போனவீங்க வந்தாத்தான் வடிக்கோணும். வரலைன்னா போய்க் கூட்டியாறோணும்.

எல்லாரும் தின்னது போக மிச்சம் இருந்தாத் திங்கோணும்."

இதில் பாதி சமையல் இல்லையே என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொன்னபடி எழுத வேண்டும் என்பது ஹெட்மாஸ்டர் மெமோ. ஒரு சொல் மாறாது என்பது என் சவால். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, உள்ளது உள்ளபடி என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தங்கம்மா டீச்சர் என் மேல் இருந்த கோபத்தில் ஒரு புள்ளி விடாமல் மலையாளத்தில் பெயர்க்க வைத்தார். சமைக்க அவர் பிரிவிலிருந்து நான்கு பேர். தலைவன் ராஜன். சொன்ன சொல்லுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகமாட்டான். வகுப்பில் ஒரு பக்கம் எழுது என்றால், பக்கம் முடிகிற இடத்தில் பாதி வார்த்தையோடு நிறுத்துகிற பிள்ளை.

அதிகாரி வந்த அன்று காலையில் என் வகுப்பில் இருந்தது பதினான்கு பேர். அவர் ஒல்லியான மனிதர், நல்ல மனிதர், வயிற்றுப்புண் உள்ளவர். எண்ணினார், ஆஜர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மத்தியானம் இன்னொரு தடவை எண்ணுவேன், அத்துடன் புத்தகத்தை மூடிவிடுவேன் என்றார். தனக்குப் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு ஆக வேண்டும், டாக்டர் உத்தரவு என்றும் சொன்னார். நான் ஆறுமுகத்திடம், காட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட முடியுமா என்று கெஞ்சினேன். மெமோ இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டேன் என்றான். ஹெட்மாஸ்டரிடம் கேட்கலாமென்றால் அவர் அதிகாரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

முற்றத்தில் சமையல் தொடங்கியது. ஓலனும் ரொட்டியும் தேங்காய்ச் சோறும் அங்கங்கே ஒழுங்காக நடந்தன. ராஜன் குழு மட்டும் முதல் வரியிலேயே நின்றது. சின்னவனை எழுப்ப வேண்டும். எழுப்ப வேண்டுமானால் அவன் தூங்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பொடியனைக் கொண்டு வந்து பாயில் படுக்க வைத்துக் கண்ணை மூடு என்றார்கள். அவன் மூடினான், திறந்தான், சிரித்தான். ராஜன் விடவில்லை, தட்டிக் கொடுத்தான். கால் மணி நேரம் பள்ளிக்கூடமே சத்தம் போடாமல் காத்திருந்தது. பையன் நிஜமாகவே தூங்கிவிட்டான், அதன் பிறகு எழுப்பவே முடியவில்லை. ஒருவழியாக எழுப்பி முகத்தைக் கழுவியபோது அவன் போட்ட கூச்சலில் எல்லா வகுப்பும் வெளியே வந்துவிட்டது. அதிகாரி இது என்ன சடங்கு என்று கேட்டார். வீட்டு வழக்கம் என்று நான் ஈனசுரத்தில் சொன்னேன்.

கொள்ளை ஏற்றினார்கள். குழுவில் ஒருத்தி வெளியே ஓடினாள். திரும்பி வரும்போது அவள் பின்னால், மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு எருமை வந்தது. வாளியில் தண்ணீர் வைத்தார்கள். எருமை அதைக் குடிக்காமல் முன்ஷியின் தேங்காய்ச் சோற்றுப் பக்கம் போயிற்று. முன்ஷி குடையை விரித்துத் தடுத்தார். ஹெட்மாஸ்டர் மெமோ புத்தகத்தை எடுத்தார். மணி, ஆறுமுகம், இரண்டு எட்டு. "எருமை குறித்து உடனே விளக்கம் தரவும்." நான் அதன் கீழேயே "வரி மூன்று" என்று எழுதித் திருப்பினேன். அவர் காகிதத்தை எடுத்து வரி மூன்றைப் படித்தார், தலையை ஆட்டினார், எருமையைத் தூணில் கட்டச் சொல்லி ஆறுமுகத்துக்குத் தனி மெமோ எழுதினார். விதி அவர் போட்ட விதி. அதற்கு அவரே கட்டுப்பட்டார், அது அவர் குணம்.

அடுத்து, சின்னவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அவன் ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறான். ராஜன் யோசித்து, அவனைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் இறக்கிவிட்டு, உள்ளே போ என்று முடுக்கினான். பொடியன் வீட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தான். ஹிந்தி வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்தினார். நான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். என் வேலை எஸ்டேட்டுக்குப் போவதை இனி யாரும் தடுக்க முடியாது, போகிற போக்கில் என் மானமும் போகிறது என்று நினைத்தேன். விரல் சந்து வழியாகப் பார்த்தால் தங்கம்மா டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் கொண்டிருந்தார்.

கொள்ளு வெந்தது, கடைந்தார்கள். சோறு கொதித்தது. பன்னிரண்டரை தாண்டியது. மற்ற பதார்த்தங்கள் எருமைக்குப் பயந்து வகுப்பறைக்குள் போய்விட்டன, கறிக் குழம்பும் தேங்காயும் ரொட்டியும் தன் வயிற்றுக்கு ஆகாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். அவருக்கு இந்தச் சோறுதான் கதி. வடிக்கச் சொன்னார். ராஜன் காகிதத்தைக் காட்டினான். காட்டுக்குப் போனவர்கள் வந்தால்தான் வடிக்கலாம். அதிகாரி காகிதத்தை வாங்கித் தானே படித்தார். அவரும் பழைய மொழி வாத்தியார்தானாம். எழுதியிருக்கிறதே, என்ன செய்வது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியானால் போய்க் கூட்டி வா என்றார். அதுவும் எழுதியிருந்தது.

ராஜன் ஓடினான். யார் வீட்டு ஆளைக் கூட்டி வருவது என்று காகிதத்தில் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கவுண்டர் தோட்டத்தில் ஒரு படையே கடலை பிடுங்கிக்கொண்டிருந்தது. அவன் வரப்பில் நின்று, அதிகாரி காத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் வந்தால்தான் சோறு வடிப்பார் என்று கத்தியிருக்கிறான். அதிகாரி என்றதும் அவர்களுக்குக் குலை நடுங்கிவிட்டது. என்ன தப்புப் பண்ணினோமோ என்று போட்டது போட்டபடி அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். கேட்டு வழியாக ஐம்பது பேர் மண் கையோடு வந்தார்கள். அவர்களுக்கு நடுவில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர்!

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சோறு வடித்தார்கள். அதிகாரி முதல் வாய் எடுத்து, நன்றாக இருக்கிறது என்றார். அவர் சொன்ன பிறகு எல்லோரும் ஆளுக்கொரு வாய் வாங்கித் தின்று, நன்றாக இருக்கிறது என்றார்கள். எங்கள் தெருவில் கொள்ளு என்றால் குதிரைக்குத்தான். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் போட்டு, சுவைத்தேன் என்று கையெழுத்திட்டேன். பிறகு அதிகாரி கை கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் வகுப்புக்கு வந்தார், ஹெட்மாஸ்டரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், தங்கம்மா டீச்சரும் வந்து நின்றார். பிள்ளைகள் மண்ணோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தடவை எண்ணினார். இருபத்து நான்கு.

புத்தகத்தில் விட்டுப்போன பேரைத் தேடி, மயிலாத்தா யார் என்று கேட்டார். எனக்கு முகம்கூடச் சரியாக ஞாபகம் வரவில்லை. ஜூனில் எண்ணிய வாரம் வந்த பெண், அதோடு நின்றுவிட்டாள். ஆள் அனுப்பியும் பார்த்தேன், வருவாள் என்று பதில் வந்தது, வரவில்லை. நான் முழித்துக்கொண்டு நின்றபோது, ஜன்னலுக்கு வெளியே கடலைக்காரர்களோடு நின்றிருந்த ஒருவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். நாச்சிமுத்துவின் அப்பா வேலுச்சாமி.

"அது எம்புள்ளைதானுங்க," என்றார். "அவ அம்மா தவறிப் போயி ரெண்டு வருசமாச்சுங்க. ஊட்ல அவதான் ஆக்கறா. இந்தக் காயிதமும் அவ எழுதுனதுதானுங்க."

நான் அந்தக் காகிதத்தை எத்தனை தடவை படித்திருப்பேன்! பிழை திருத்தக்கூட ஒன்றும் இல்லையே என்று பெருமைப்பட்டேனே தவிர, ஒரு பெண் ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்பதற்குக் காரணத்தை வரி வரியாக எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. சின்னவனை எழுப்பி, எருமைக்குத் தண்ணீர் காட்டி, காட்டிலிருந்து அப்பா வரும்வரை காத்திருப்பது ஒரு பன்னிரண்டு வயதுப் பெண். அதை வைத்துக்கொண்டு காலையிலிருந்து கூத்தடித்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது, நிஜமான வெட்கம்.

அவள் இப்போது எங்கே என்று அதிகாரி கேட்டார். சோறாக்கிக்கொண்டு இருப்பாள் என்றார் வேலுச்சாமி. வாசலில் கரண்டியோடு நின்றிருந்த ராஜன்தான் தன் மலையாளத் தமிழில் பேசினான்.

"சோறு இங்க ஆச்சல்லோ மாஷே. பின்னெ அவ எந்தினு அங்க ஆக்கணும்? வரச் சொல்லலாமே."

நாச்சிமுத்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான். அரை மணி நேரத்தில் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். கையில் கரி, பாவாடையில் சாம்பல். எருமை தூணில் கட்டியிருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். வந்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள். அதிகாரி பேனாவைத் திறந்தார், ஆனால் எழுதவில்லை. இன்றைக்கு ஒருநாள் வந்து உட்கார்ந்தால் என்னால் எழுத முடியாது, நாளைக்கும் வருவாளா என்று வேலுச்சாமியைக் கேட்டார். அந்த மனிதர் என்ன சொல்வார்? நாளைக்கு மத்தியானம் அங்கே யார் ஆக்குவது? என் வேலையும் அந்தப் பிரிவும் அந்தப் பெண்ணின் படிப்பும் அந்த ஒரு பதிலில் தொங்கின.

அப்போது ஹெட்மாஸ்டர் எழுந்தார். மெமோ புத்தகம் மேஜை மேலேயே கிடந்தது.

"இந்தப் பாடம் இன்னிக்கு முடியல்லை," என்று வாய்விட்டுச் சொன்னார். "நாளைக்கும் உண்டு. மார்ச் வரை தினமும் உண்டு. இவளும் இவள் அப்பனும் தம்பியும் மத்தியானம் இங்கதான் சாப்பிடணும். இல்லேன்னா மலையாளப் பிரிவு எப்படிப் படிக்கும்?"

ஆறுமுகம் அவர் குரலைக் கேட்டு வாசலில் திகைத்து நின்றான். தங்கம்மா டீச்சர், தினமும் கொள்ளா என்று ஒரு வார்த்தை கேட்டார், பிறகு அவரே, சரி, வேறு குறிப்பும் அவளே எழுதட்டும் என்றார். அதிகாரி இருபத்தைந்து என்று எழுதினார். பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டு வர, அது மார்ச் வரை நடந்தது, எருமை இல்லாமல். மயிலாத்தா பத்தாவது வரை படித்தாள். நான் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருந்து நரைத்தேன்.

ஆனால் அன்றைக்கு, எழுத்து வேலை முடிந்து அதிகாரி குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது, ராஜன் ஓர் இலையில் சோறும் பருப்பும் வைத்து அவள் முன்னால் கொண்டு வந்து வைத்தான். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். நிறுத்தினாள். எல்லோரையும் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க சார், இதுல உப்பே இல்லீங்களே."

அதிகாரி கூரையைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஐம்பது பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்ட என்னால் எங்கும் பார்க்க முடியவில்லை. நீ உப்பை எழுதவில்லையே அம்மா என்றேன். அதையுமா எழுத வேண்டும் என்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள், வேகமாக, ஒரு பருக்கை விடாமல். உப்புக் கொண்டு வரச் சொல்கிறேன், கொஞ்சம் பொறு என்றேன்.

"வேண்டாமுங்க சார். நல்லாத்தான் இருக்குது," என்றாள். "எனக்கு இன்னொருத்தரு ஆக்கிப் போட்டு ரெண்டு வருசமாச்சுங்க."

ராஜன் சட்டியை வழித்து மிச்சத்தையும் அவள் இலையில் போட்டான்.